ஆக்சிஜன் முழுதாகக் கொடுத்தும் மயங்கிய குதிரையின் ரத்தத்தில் ஏன் ஏறவில்லை?

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. கோலிக் எனும் வயிற்றுச் சூலைக்காக 500 கிலோ குதிரை ஒன்றை மல்லாக்கப் படுக்கவைத்து அறுவை செய்திருக்கிறார்கள். சுத்தமான ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது, வென்டிலேட்டரும் ஒழுங்காக ஓடியது. ஆனாலும் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 72 மி.மீ. பாதரசத்தைத் தாண்டவே இல்லை. இயந்திரத்தில் கோளாறா, நுரையீரலில் நோயா, என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா, இணைப்பு எங்கேயாவது கழன்றிருக்கிறதா, சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால், பெரும்பாலும் இயந்திரத்திலும் கோளாறு இல்லை, நுரையீரலிலும் நோய் இல்லை. பந்தயத்தில் ஓடி ஜெயித்த, இருமல்கூட இல்லாத குதிரைக்கும் இது நடக்கும். நாலு கால் பாய்ச்சலில் நிமிடத்துக்கு 1500 லிட்டருக்கும் மேல் காற்றை இழுத்துவிடுகிற பிராணி, படுக்கவைத்ததும் இப்படித் திணறுகிறது. அதன் உடம்பு அமைந்த விதம் அப்படி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760. மூச்சுக்குழாயில் இருக்கும் நீராவிக்கு 47 போனால் மிச்சம் 713. கார்பன் டை ஆக்சைடுக்கு 50, 60 கழித்துக்கொள்ளுங்கள். சுத்தமான ஆக்சிஜன் சுவாசிக்கும் குதிரையின் நுரையீரல் நுண்ணறைகளில் 650 அளவுக்கு ஆக்சிஜன் அழுத்தம் இருக்கும். இதே நிலையில் ஆரோக்கியமான நாயின் தமனி ரத்தத்தில் 500-ஐப் பார்க்கலாம். உங்கள் குதிரையில் கிடைத்தது 72. இடையில் இருந்த 580 எங்கே போனது என்பதுதான் உண்மையான கேள்வி.

நிற்கும் குதிரையைப் பக்கவாட்டில் பாருங்கள். அதன் உதரவிதானம் செங்குத்துச் சுவர் இல்லை. கீழே மார்பெலும்பின் முனையில் தொடங்கி, பின்பக்கமாகச் சாய்ந்து ஏறி, முதுகுப் பக்கம் கடைசி விலா எலும்பை எட்டுகிறது. அதனால் நுரையீரலின் பெரும்பகுதி குடலுக்கு மேலே கூரைபோல விரிந்து கிடக்கிறது. குதிரையை மல்லாக்கப் புரட்டினால் அந்தக் கூரை தரையாகிவிடும். 100 லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய பெருங்குடல் மொத்தமும் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நிற்கும்போது மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் 20 லிட்டருக்கு மேல் காற்று மிஞ்சியிருக்கும். மல்லாந்து மயங்கியபின் அது ஏறத்தாழ பாதியாகிவிடும், சில குதிரைகளில் அதற்கும் கீழே போகும். கோலிக் குதிரை என்றால் குடல் வேறு வாயு நிரம்பி உப்பியிருக்கும்.

அடியில் மாட்டிய நுண்ணறைகள் காற்றை இழந்து சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அட்டெலக்டாசிஸ் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் மட்டக்குதிரைகளை மயக்கி சி.டி. ஸ்கேனில் பார்த்து 1990-இல் எழுதினார்கள்: மயங்கிய கொஞ்ச நேரத்திலேயே நுரையீரலின் கீழ்ப்பகுதி அடர்த்தியாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. காற்று போகாத அந்தப் பகுதிக்கும் ரத்தம் வழக்கம்போலப் போய்க்கொண்டுதான் இருக்கும். போன ரத்தம் ஆக்சிஜனைத் தொடாமலே திரும்பி வந்து நல்ல ரத்தத்தோடு கலக்கிறது. மல்லாந்த குதிரையில் இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ இப்படிச் சுற்றிக்கொண்டு வருவது சாதாரணம். வாய்க்கால் அடைத்துக் கிடக்கும்போது மேல்மடையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் கடைமடை வயல் காயத்தான் செய்யும். நீங்கள் ஆக்சிஜன் ஓட்டத்தை நிமிடத்துக்கு 5 லிட்டரிலிருந்து 10 லிட்டராக ஏற்றினாலும் 72 அப்படியே நிற்பது இதனால்தான்.

இங்கே மாணவர்கள் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூச்சு குறைவது ஒரு பிரச்சினை, நுரையீரல் சுருங்குவது வேறு பிரச்சினை. மூச்சு குறைந்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும். அறைக்காற்றைச் சுவாசிக்கும் குதிரைக்கு அது ஆக்சிஜனையும் சேர்த்துக் கீழே இழுக்கும். கார்பன் டை ஆக்சைடு 60 ஆனால் நுண்ணறையில் ஆக்சிஜன் 75-தான் மிஞ்சும். சுத்தமான ஆக்சிஜன் ஓடும்போதோ அந்த ஏற்றம் 650-இல் ஒரு சின்னக் கீறல் மட்டுமே. அதனால் வென்டிலேட்டரைப் போட்டால் கார்பன் டை ஆக்சைடு கட்டாயம் சரியாகும், ஆனால் ஆக்சிஜனும் சரியாகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் குதிரையில் நடந்தது அதுதான்.

வென்டிலேட்டரை எப்போது தொடங்குகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. மயங்கி, டியூப் போட்டு, மேசையில் ஏற்றிய உடனே தொடங்கினால் நுண்ணறைகள் ஓரளவு திறந்தே இருக்கும். ஒரு மணி நேரம் தானாக மூச்சுவிட விட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கியதைப் பார்த்தபின் தொடங்கினால், ஒட்டிப்போனதைச் சாதாரண அழுத்தத்தால் பிரிக்க முடியாது. மல்லாக்கப் படுக்கப்போகும் பெரிய குதிரை என்றால் நான் காத்திருக்கவே மாட்டேன், முதல் நிமிடத்திலிருந்தே வென்டிலேட்டர்தான். ஒருக்களித்துப் படுக்கும் சின்னக் குதிரை, ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை என்றால் தானாகவே மூச்சுவிடட்டும் என்று விடுவேன். வழக்கமான அளவுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒரு மூச்சுக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி., நிமிடத்துக்கு 6 முதல் 10 மூச்சு, உச்ச அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தம். குடல் உப்பிய குதிரைக்கு இதற்கு மேலும் தேவைப்படலாம். அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து வாயுவை வெளியேற்றும் நேரத்தில் அழுத்த மானியைக் கவனியுங்கள், மளமளவென்று இறங்கும். அப்போது வென்டிலேட்டரையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். அழுத்தத்தை அளவாக வைக்கும் இயந்திரம் என்றால் ஒரே மூச்சில் தேவைக்கு மேல் காற்று போய்விடும்.

கார்பன் டை ஆக்சைடை 40-க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். 50, 55 வரை, சில சமயம் 60 வரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம், ரத்தத்தின் அமிலத்தன்மை எல்லைக்குள் இருக்கும்வரை. கொஞ்சம் ஏறிய கார்பன் டை ஆக்சைடு இதயத்தைத் தூண்டி ரத்த ஓட்டத்துக்கு உதவுகிறது. அதைக் குறைக்க ஓயாமல் நெஞ்சுக்குள் அழுத்தம் கொடுத்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடும்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், மல்லாந்து கிடந்த ஒரு குதிரையில் ஆக்சிஜன் 68 என்று வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினேன், மூச்சை விடும் நேரத்திலும் 10 செ.மீ. அழுத்தம் நிற்கும்படி வைத்தேன். அடுத்த பரிசோதனையில் 95 வந்ததைப் பார்த்து மூச்சு வந்தது எனக்கு. ஆனால் சராசரி ரத்த அழுத்தம் 75-இலிருந்து 52-க்குப் போயிருந்ததை என் மூத்தவர்தான் கவனித்தார். ஒன்றும் பேசாமல் ஈறைக் காட்டினார். வெளிறி, சாம்பல் பூத்தது போல இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப நாலு விநாடிக்கு மேல் ஆனது. அழுத்தத்தைக் குறைத்து, இதயத்தின் வலுவைக் கூட்டும் டோபுடமின் ஏற்றி, இருபது நிமிடம் கழித்துத்தான் அந்த ஈறு இளஞ்சிவப்புக்குத் திரும்பியது. அன்றிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கும் முன் ஈறைப் பார்க்கிறேன்.

அன்று நான் செய்த தவறை எண்களில் பார்த்தால் தெளிவாகும். 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராம் உள்ள குதிரையில் ஆக்சிஜன் அழுத்தம் 70-க்குப் பக்கத்தில் இருக்கும்போது 100 மி.லி. தமனி ரத்தத்தில் ஏறத்தாழ 15 மி.லி. ஆக்சிஜன் இருக்கும். அழுத்தத்தை 400-க்கே ஏற்றினாலும் அது 17-ஐச் சுற்றித்தான் வரும், ஏனென்றால் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. உங்களுக்குக் கிடைக்கும் லாபம் பத்தில் ஒரு பங்கு சொச்சம். அதற்காக இதயம் நிமிடத்துக்கு இறைக்கும் ரத்தத்தை 25 லிட்டரிலிருந்து 17 லிட்டராக்கினால் தசைக்கும் குடலுக்கும் போய்ச்சேரும் ஆக்சிஜன் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். குதிரையின் தசைகள் இதை மன்னிக்காது. ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் 500 கிலோ எடையும் ஒரு தொடையிலோ தோளிலோ அழுத்திக் கிடந்தால், எழும்போது அந்தக் கால் வீங்கி, கல்லாகி, ஊன்றவே முடியாமல் போகும். சராசரி ரத்த அழுத்தத்தை 70-க்கு மேல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆக, 72 என்ற எண்ணைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது, ரத்த அழுத்தம் எவ்வளவு, ஈறு எப்படி இருக்கிறது, மயக்க மருந்து தேவைக்கு மேல் ஓடுகிறதா என்பதைத்தான். ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் 72-ஓடு அறுவையை முடித்து எழுப்பிவிடலாம். 60-க்குக் கீழே போனால் சும்மா இருக்கக் கூடாது.

அப்போது என்னென்ன செய்யலாம்? எனக்குப் பிடித்த முதல் உதவி சால்பூட்டமால், ஆஸ்துமாக்காரர்கள் கையில் வைத்திருக்கும் அதே இன்ஹேலர் மருந்து. கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், அதாவது 500 கிலோ குதிரைக்கு 100 மைக்ரோகிராம் பஃப் பத்து. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும் தருணத்தில் டியூபின் வாயில் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும், வெளிமூச்சில் அடித்தால் வீண். பல குதிரைகளில் இருபது நிமிடத்துக்குள் ஆக்சிஜன் நன்றாகவே ஏறும். சிலவற்றுக்கு வியர்க்கும், இதயத்துடிப்பு கூடும். எல்லாக் குதிரைக்கும் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலிவு, கையில் கிடைப்பது, ரத்த அழுத்தத்தை அழுத்தக் காற்றுபோலக் குலைக்காதது.

இரண்டாவது, ஒட்டிய நுரையீரலை வலிந்து திறப்பது. சில விநாடிகளுக்கு 60, 80 செ.மீ. வரை அழுத்தம் கொடுத்துத் திறந்து, மறுபடி மூடாமல் இருக்க வெளிமூச்சின் முடிவிலும் அழுத்தத்தை நிறுத்துவார்கள். வேலை செய்யும், ஆனால் அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தம் விழும். ஏற்கெனவே நீரிழந்து, நஞ்சேறிய கோலிக் குதிரையில் இதைச் செய்ய நான் தயங்குவேன். ரத்த அழுத்தம் திடமாக உள்ள, ரத்த நாளத்தில் நேரடி அழுத்தமானி போட்டிருக்கும் குதிரையில் மட்டும் செய்யுங்கள். அப்புறம் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை மூச்சின் தொடக்கத்தில் மட்டும் துடிப்பு துடிப்பாகக் கொடுக்கும் முறை ஸ்வீடனில் வளர்ந்தது. காற்று போகும் நுண்ணறைகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும் அழகான யோசனை அது. ஆனால் அதற்கான கருவி பெரும்பாலான இடங்களில் இல்லை. மேசையை லேசாகத் தலைப்பக்கம் உயர்த்துவது எளிது, அதையும் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். தலை தாழ்ந்த நிலை, வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபிக்குச் செய்வது போல, இதை மோசமாக்கும்.

கருவிகளில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். நாக்கில் மாட்டியிருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு, ஆக்சிஜன் அழுத்தம் 500-இலிருந்து 110-க்கு விழும்வரை 98, 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அது 90-க்கு வரும்போது நீங்கள் ஏற்கெனவே பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறீர்கள். முகத்தமனியிலிருந்து எடுக்கும் ரத்தம்தான் உண்மையைச் சொல்லும். மயங்கி இருபது நிமிடத்தில் ஒன்று, பிறகு மணிக்கு ஒன்று எடுத்துவிடுங்கள். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபும் வேண்டும். அது காட்டும் எண் ரத்தத்தில் உள்ளதைவிட 10, 15 குறைவாக இருப்பது குதிரையில் வழக்கம். திடீரென்று அந்த எண் இறங்கி, வென்டிலேட்டர் மாறாமல் ஓடினால், நுரையீரலுக்குப் போகும் ரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். இதயம் நிற்பதற்கு முன்னால் வரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

திறந்த வெளியில் விதையடிப்பு போன்ற சின்ன வேலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சைலசீன், கீட்டமின் என்ற மயக்க ஊசிகளைப் போட்டு இருபது நிமிடம் புல்தரையில் ஒருக்களித்துக் கிடக்கும் குதிரைக்கு ஆக்சிஜனே தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. சமவெளியில், ஆரோக்கியமான குதிரையில் அது பெரும்பாலும் தப்பித்துவிடும். ஊட்டியில் சவாரிக் குதிரைக்கு அதையே செய்தால் கணக்கு வேறு. 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 580-ஐச் சுற்றித்தான். நீராவி போக, அறைக்காற்றில் உள்ளே போகும் ஆக்சிஜன் 112. மயக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு 50-ஐ எட்டினால் நுண்ணறையிலேயே 50-தான் மிஞ்சும், ரத்தத்தில் அதற்கும் கீழே. ஒரு மூக்குக்குழாயைக் கண்ணின் உள்முனை வரை அளந்து நாசியில் செருகி, நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் போதும். 1500 லிட்டர் கொண்ட பி டைப் சிலிண்டர் 100 நிமிடம் தாங்கும், ஒரு ஜீப்பின் பின்னால் கிடக்கும். கீட்டமின் போட்ட குதிரை மூச்சை இழுத்து, கொஞ்ச நேரம் பிடித்துவைத்து, பிறகு விடும். அந்த இடைவெளியைக் கண்டு பயப்பட வேண்டாம், மார்பின் மேல் கை வைத்து நிமிடத்துக்கு எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள்.

அறுவை முடிந்தது என்று எல்லோரும் கையுறை கழற்றும் நேரம்தான் குதிரைக்கு மிக ஆபத்தானது. பிரிட்டனைச் சேர்ந்த குழு பல நாடுகளின் மருத்துவமனைகளில் 41,824 குதிரைகளைத் தொடர்ந்து பார்த்து 2002-இல் எழுதிய அறிக்கையில், ஏழு நாட்களுக்குள் 1.9 சதவீதம் இறந்திருந்தன. கோலிக்கை விட்டுவிட்டாலும் 0.9. இறந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இதயம் நின்று, நாலில் ஒன்று எழும்போது எலும்பு முறிந்து. 2020-இல் தொடங்கிய புதிய கணக்கெடுப்பின் முதல் அறிக்கையில் மொத்தம் 1.0 சதவீதமாக இறங்கியிருக்கிறது. சந்தோஷமான விஷயம், ஆனால் நாய்களோடு ஒப்பிட்டால் இன்னும் பல மடங்கு.

வென்டிலேட்டரிலிருந்து பிரிக்கும்போது அவசரம் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு ஏறினால்தான் மூளை மூச்சுவிடச் சொல்லும். கடைசிப் பத்து நிமிடம் மூச்சை நிமிடத்துக்கு இரண்டு, மூன்று என்று குறைத்து, அது தானாக இழுக்கும்வரை காத்திருங்கள். எழும் அறைக்குக் கொண்டுபோகும் வழியில் மூச்சு வரவில்லை என்றால் அழுத்தினால் ஆக்சிஜனை உள்ளே தள்ளும் டிமாண்ட் வால்வை டியூபில் பொருத்தி ஊதலாம். ஊதியதும் கழற்றிவிட வேண்டும், மாட்டியபடியே விட்டால் குதிரை அதற்கு எதிராக மூச்சை வெளியே தள்ளக் கஷ்டப்படும். 15 லிட்டர் ஆக்சிஜன் மட்டும் மெல்லிய குழாய் வழியாகப் போய்க்கொண்டே இருக்கட்டும்.

குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும், வாயைத் திறந்து விடத் தெரியாது. இரண்டு மணி நேரம் மல்லாந்து தலை தாழக் கிடந்ததில் மூக்கின் உள்சவ்வு ரத்தம் தேங்கி வீங்கியிருக்கும். டியூபைச் சட்டென்று உருவினால் தொண்டை திறந்திருக்கும், மூக்கு அடைத்திருக்கும். அடைத்த மூக்கை மீறி முழு பலத்தோடு இழுத்தால் நுரையீரலுக்குள் நீர் கசிந்து, நாசியில் இளஞ்சிவப்பு நுரை வரும். நிமிடங்களில் உயிர் போகும். அதனால் வீங்கிய சவ்வைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரின் கரைசலை இரண்டு நாசியிலும் தெளித்துவிட்டு, விழுங்கும் அசைவு வந்தபின்தான் டியூபை எடுப்பேன். வீக்கம் அதிகம் என்றால் மூக்குக்குழாயைச் செருகி நாசி ஓரத்தில் ஒட்டி, அது எழுந்து நிற்கும்வரை அப்படியே விடுவேன். எடுத்த உடனே உள்ளங்கையை இரண்டு நாசிக்கும் முன்னால் மாறி மாறிப் பிடித்துப் பாருங்கள். சூடான காற்று கையில் மோத வேண்டும். குறட்டைச் சத்தம் கேட்டாலும் காற்று மோதினால் சரி. மார்பு ஏறி இறங்குகிறது, கையில் ஒன்றும் படவில்லை என்றால் உடனே டியூபைத் திரும்பப் போட வேண்டும். கழுத்தில் துளையிடும் கருவிப் பெட்டி, திறந்த நிலையில், அறையின் வாசலிலேயே இருக்க வேண்டும்.

எழுந்து நின்ற பின்னும் அரை மணி நேரம் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். மருந்தின் கிறக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டபடி நிற்கும், மூக்கு மறுபடி வீங்கும். ஹால்டர் கயிற்றை உயரக் கட்டித் தலையை மார்பு மட்டத்துக்குத் தூக்கி வைத்து, நாசியில் கையை மறுபடி பிடித்துப் பாருங்கள்.